வீடு கைமாறிய பின் வந்து நிற்கும் வரி பாக்கி: கட்டுவதா, விற்றவரைத் துரத்துவதா?

வீட்டை வாங்கி, பெயரை மாற்றி, சாவியையும் பெற்றுக் குடிபுகுந்த சில மாதங்களுக்குப் பிறகு, முன்னைய உரிமையாளர் கட்டாமல் விட்ட வரிக்கான பில் வாசலுக்கு வந்து சேர்வது, மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் அடிக்கடி காதில் விழும் செய்தியே. ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தையும் வங்கிக் கடனையும் சேர்த்து ஒரு மாடி இணைப்பு வீட்டை வாங்கிய குடும்பத்துக்கு, இரண்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்) பாக்கி என்பது இலேசான தொகையன்று. அந்தப் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் ஆளாளுக்குக் கேட்கும் யோசனைகளும் ஒன்றுக்கொன்று முரணாகவே இருக்கின்றன. கட்டாதே, கட்டினால் பாக்கியை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பார் ஒருவர். கட்டித் தொலைத்துவிட்டு மறந்துவிடு என்பார் இன்னொருவர். லோயரைப் பிடி என்பார் மூன்றாமவர். இந்த யோசனைகளில் எது எந்த நிலைமைக்குப் பொருந்தும், எது பணத்தையும் காலத்தையும் வீணடிக்கும் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

ஒப்பிடத் தொடங்குமுன் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே இருப்பது ஒரு கடன் அன்று, இரண்டு கடன்கள். நகராண்மைக் கழகத்துக்குச் சேர வேண்டிய கடன் வீட்டோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலில்தான் அது நிற்கும். விற்றவர் உங்களுக்குத் தர வேண்டிய கடனோ விற்பனை ஒப்பந்தத்திலிருந்து பிறக்கிறது. அது அந்த மனிதரோடு போகிறது. இரண்டாவது கடனுக்கான கோபத்தை முதல் கடனின் மேல் காட்டி, வரியைக் கட்டாமல் இழுத்தடிப்பவர்களே இவ்விஷயத்தில் அதிகம் இழக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

மேற்கு மலேசியாவில் நிலவீட்டுக்கு இரண்டு வரிகள் உண்டு. ஒன்று மாநில அரசுக்காக நில அலுவலகம் வசூலிக்கும் நிலவரி. இன்னொன்று ஊராட்சி மன்றம், அதாவது நகராண்மைக் கழகம் போன்ற அமைப்பு, வசூலிக்கும் மதிப்பீட்டு வரி, நம் பேச்சு வழக்கில் சுக்காய் பிந்து. நிலவரி ஆண்டுக்கு ஒரு முறை, மே மாதம் 31ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டியது. மதிப்பீட்டு வரி அரையாண்டுக்கு ஒரு முறை வருவது. முதல் அரையாண்டுக்குப் பிப்ரவரிக் கடைசியும் இரண்டாம் அரையாண்டுக்கு ஆகஸ்டு 31உம் கெடு. பெயர் மாற்றத்துக்கான பாரம் (படிவம்) 14ஏ-ஐ நில அலுவலகத்தில் பதிவுக்குக் கொடுக்கும்போதே நடப்பு ஆண்டின் நிலவரி ரசீதைக் கேட்டுவிடுவார்கள். ஆகையால் அந்த வரியில் பழைய பாக்கி ஒளிந்திருக்க அதிகம் இடமில்லை. மதிப்பீட்டு வரியின் கணக்கோ வேறோர் அலுவலகத்தில் இருக்கிறது. நில அலுவலகத்துக்கு அந்தக் கணக்கைப் பற்றிக் கவலையில்லை. விற்பவர் நீட்டிய ஒற்றை ரசீதைப் பார்த்து யாராவது திருப்தியடைந்திருந்தால், அதற்கு முந்தைய ஆறேழு அரையாண்டுகள் கட்டப்படாமலிருப்பது வெளியே தெரியாமலே விற்பனை முடிந்துவிடக்கூடும். விற்பனைக்குப் பிறகு முளைக்கும் பாக்கி பெரும்பாலும் சுக்காய் பிந்துவாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

தோட்டப்புறத்துக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. லயத்து வீடு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, கம்பெனியுடையது. அங்கே வாழ்ந்த தலைமுறையின் வாசலுக்கு வரி பில் என்ற காகிதம் வந்ததே இல்லை. தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) முதல்முதலாகச் சொந்த வீடு வாங்கும் பிள்ளைகளுக்கு, இரண்டு அலுவலகங்களில் இரண்டு வரி என்று எடுத்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. விற்பவரும் பல நேரங்களில் அதே தலைமுறைதான். நிலவரியைக் கட்டிவிட்டு, எல்லா வரியும் கட்டியாயிற்று என்று மனதார நம்பியிருந்தவரும் உண்டு. எல்லாரையும் ஏமாற்றுக்காரர் என்று தீர்மானித்துக்கொண்டு பேச்சைத் தொடங்குவது இதனாலேயே நல்லதல்ல.

பில்லைச் சரியாகப் படிப்பதுதான் முதல் வேலை. அதில் உரிமையாளர் பெயர், கணக்கு எண், நடப்பு அரையாண்டுத் தொகை ஆகியவற்றோடு ‘துங்காக்கான்’ என்ற வரியில் பழைய பாக்கி தனியாக நிற்கும். அதற்குக் கீழே நோட்டீஸ் கட்டணம், வாரண்ட் கட்டணம் என்று சிறு தொகைகள் ஏறியிருக்கலாம். பெயர் இருக்கும் இடத்தில் உங்களுக்கு விற்றவரின் பெயர்கூட இல்லாமல், அவருக்கு முன்னால் விற்றவருடைய பெயரே இன்னும் இருக்கவும் கூடும். பில்லை மட்டும் நம்பாமல் நகராண்மைக் கழகத்தின் முகப்பிடத்துக்குப் போய், எந்த அரையாண்டிலிருந்து எந்த அரையாண்டு வரை எவ்வளவு என்று ஆண்டுவாரியான கணக்கறிக்கையைக் கேட்டு வாங்குவது அவசியம். மொத்தத் தொகையை மட்டும் சொல்லிக்கொண்டு விற்றவரிடம் போனால், அதில் பாதி உங்கள் காலத்தது என்று அவர் எளிதில் சொல்லிவிடுவார்.

இனி வழிகளைப் பார்க்கலாம். முதலாவது, ஒதுங்கி நிற்பது. பாக்கி வைத்தவர் அவர், நகராண்மைக் கழகம் அவரையே பிடிக்கட்டும் என்பது இதன் வாதம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதம் 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின் முன் நிற்காது. மதிப்பீட்டு வரி அச்சட்டப்படி சொத்தின் மீதே ஏறி நிற்கும் பொறுப்பாகும். உரிமையாளர் மாறினாலும் அது இறங்கிப்போவதில்லை. கெடு தாண்டிய பாக்கிக்குப் பாரம் இ என்ற கோரிக்கை நோட்டீஸ் வரும். அதில் குறிப்பிட்ட 15 நாளுக்குள் கட்டாவிட்டால் அடுத்ததாகப் பாரம் எஃப், அதாவது ஜப்தி வாரண்ட். அந்த வாரண்டின் கீழ் வீட்டுக்குள் இருக்கும் அசையும் பொருள்களை எடுத்துச்செல்லலாம். அப்பொருள்கள் பாக்கி வைத்தவருடையவையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பழைய உரிமையாளரின் பாக்கிக்காக உங்கள் தொலைக்காட்சிப் பெட்டியும் குளிர்பதனப் பெட்டியும் லாரியில் ஏறலாம் என்பதே இதன் பொருள். சொத்தையே ஏலத்துக்குக் கொண்டுபோகும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. சிறு பாக்கிக்காக அதுவரை போவது வழக்கமில்லை என்றாலும், வழக்கத்தை நம்பிக் காத்திருப்பது பாதுகாப்பு ஆகாது.

இந்த வழியில் உண்மை ஒன்றேயொன்று இருக்கிறது. சொத்து கைமாறிய மூன்று மாதத்துக்குள் பாரம் ஐ மூலம் நகராண்மைக் கழகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். அவ்வறிவிப்புக் கொடுக்கப்படும் வரையில் விற்றவரும் வரிக்குப் பொறுப்பாகவே தொடர்கிறார். ஆனால் அவருடைய பொறுப்பு தொடர்வதால் வாங்கியவரின் பொறுப்பு குறைந்துவிடுவதில்லை. கழகத்துக்குப் பிடிக்க இரண்டு பேர் கிடைக்கிறார்கள், அவ்வளவுதான். இருவரில் முகவரி தெரிந்தவரையே அவர்கள் முதலில் பிடிப்பார்கள். நில அலுவலகத்தில் பெயர் மாறியதும் வரிக்கணக்கிலும் தானாக மாறிவிடும் என்று எண்ணி, இந்தப் பாரத்தைக் கொடுக்காமலே பல ஆண்டுகள் இருந்துவிடுவோர் பலர். நீங்கள் எந்த வழியைத் தேர்ந்தாலும் பாரம் ஐ இன்னும் போகவில்லை என்றால் அதை முதலில் அனுப்பிவிடுங்கள். இல்லையேல் அடுத்த நோட்டீஸும் வேறு யாருடைய பழைய முகவரிக்கோ போய்ச் சேரும், நீங்கள் நேரே வாரண்டைத்தான் பார்ப்பீர்கள்.

இரண்டாவது வழி, ஒரு காசும் கட்டாமல் முதலில் விற்றவரை நெருக்குவது. இதன் வெற்றி முழுக்கக் காலத்தைப் பொறுத்தது. பெரும்பாலான விற்பனை ஒப்பந்தங்களில், சாவி ஒப்படைக்கும் நாள்வரையிலான நிலவரி, மதிப்பீட்டு வரி, தண்ணீர், மின்சாரம், கழிவுநீர்க் கட்டணம் ஆகியவை விற்பவரைச் சேர்ந்தவை என்றும், அதற்குப் பிந்தியவை வாங்குபவரைச் சேர்ந்தவை என்றும், இதனால் மற்றவருக்கு நட்டம் ஏற்பட்டால் ஈடுகட்ட வேண்டும் என்றும் ஒரு பிரிவு இருக்கும். விலையின் கடைசிப் பகுதி விற்பவருக்குப் போகாமல், அவருடைய வழக்கறிஞர் கையில் இரு தரப்புக்கும் பொதுவான பொறுப்பில் இன்னும் இருக்கும் நாள்களில் பாக்கி தெரியவந்தால், இந்த வழியைவிடச் சிறந்தது வேறில்லை. உங்கள் வழக்கறிஞர் எழுதும் ஒரு கடிதத்திலேயே அத்தொகை கழிக்கப்பட்டுவிடும். வெளியில் நிற்கும் வரிகளைத் தாம் தீர்த்துவைப்பதாக விற்பவரின் வழக்கறிஞர் எழுத்து மூலம் உறுதி கொடுத்திருந்தால் உங்கள் கை இன்னும் வலுவானது. வழக்கறிஞர் கொடுத்த உறுதியை மீறுவது அவரை ஒழுங்கு நடவடிக்கை வரை கொண்டுபோகக்கூடிய காரியம்.

இங்கே ஒரு பரவலான தவறான எண்ணத்தைக் குறிப்பிட வேண்டும். விலையில் 3 விழுக்காட்டை லோயர் பிடித்துவைத்திருக்கிறாரே, அதிலிருந்து கழித்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பார்கள். விற்பவர் மலேசியக் குடிமகனாக இருக்கும்போது பிடிக்கப்படும் அந்த 3 விழுக்காடு, சொத்து இலாப வரிக்காகப் பிடிக்கப்படுவது. விற்பனை ஒப்பந்தத் தேதியிலிருந்து 60 நாளுக்குள் அது உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்குப் போய்ச் சேர வேண்டும்; தவறினால் 10 விழுக்காடு அதிகரித்து, அந்தத் தொகை வாங்கியவரிடமே வசூலிக்கப்படும். வேறொருவருடைய சுக்காய் பிந்துவுக்கு அந்தப் பணத்தில் கைவைப்பது ஒரு தொல்லையைத் தீர்க்கப் போய் இன்னொன்றை விலைக்கு வாங்குவதாகும்.

பணம் எல்லாம் விற்றவர் கைக்குப் போன பிறகு இந்த வழி விரைவில் பலவீனமடைகிறது. சின்ன ஊரில் விற்றவர் பெரும்பாலும் தெரிந்த முகமாகவே இருப்பார்; கோயில் திருவிழாவிலோ கல்யாண வீட்டிலோ எதிரில் வருவார். “அண்ணே, வித்தது வித்தாச்சு. வீடும் உங்களது, பில்லும் உங்களது. இனி என்னைக் கேட்டா எப்படி?” என்று சிரித்துக்கொண்டே அவர் சொல்லிவிட்டுப் போனால், அந்த இடத்தில் வாக்குவாதம் செய்வதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அதற்குப் பதில் எழுத்தில்தான் சொல்ல வேண்டும். சொத்தின் முகவரி, ஒப்பந்தத்தின் தேதி, சாவி கொடுத்த நாள், அந்நாள்வரையிலான பாக்கியின் கணக்கு, எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்ற கெடு ஆகியவற்றோடு, கணக்கறிக்கையின் நகலையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பும் ஒரு பக்கக் கடிதம் போதும். வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் விட்டால் சில நூறு வெள்ளி செலவாகும்; பாக்கியே ஆயிரம் வெள்ளிக்குள் இருக்கும்போது அச்செலவு தேவையா என்பதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். இரண்டு வாரக் கெடு கொடுத்து, பதில் வராவிட்டால் இந்த வழியை விட்டு நகர்ந்துவிட வேண்டும் என்பது என் கருத்து. ஆறு மாதம், ஓராண்டு என்று விற்றவரின் மனமாற்றத்துக்காகக் காத்திருப்பவர்கள், அதற்கிடையில் ஏறும் கட்டணங்களைத் தாமே சுமக்க நேரிடுகிறது.

மூன்றாவது வழி, முதலில் கட்டிவிட்டு, ரசீதோடு விற்றவரிடம் திரும்பக் கேட்பது. கட்டினால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயமே மக்களை இந்த வழியிலிருந்து விலக்கிவைக்கிறது. சட்டமோ இதற்கு நேர்மாறாக இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆவது பிரிவு, சட்டப்படி வேறொருவர் கட்டியிருக்க வேண்டிய பணத்தை, அது கட்டப்படுவதில் தமக்கு அக்கறையுள்ள ஒருவர் தாமே கட்டினால், கட்டிய தொகையை அந்த வேறொருவரிடமிருந்து திரும்பப் பெற உரிமை உண்டு என்கிறது. உங்கள் வீட்டின் மீது ஜப்தி வராமலிருப்பதற்காக, விற்றவர் காலத்து வரியை நீங்கள் கட்டுவது இந்தப் பிரிவுக்கு மிக நெருங்கிய நிலைமை. ஒப்பந்தத்தில் வரியைப் பற்றிய வாசகம் தெளிவாக இருந்தால் அதையும் இதையும் சேர்த்து இரண்டு காலில் நிற்கலாம். வாசகம் தெளிவில்லாவிட்டாலும் இந்த ஒரு கால் இருக்கிறது. கட்டுவதற்கு முன்போ, கட்டிய கையோடோ, இது உங்கள் காலத்துப் பாக்கி, என் உரிமையை விட்டுக்கொடுக்காமல், வீட்டைக் காப்பதற்காகவே கட்டுகிறேன் என்று விற்றவருக்கு ஒரு வரி எழுதிவைத்தால் வாதத்துக்கு இடமே இருக்காது.

கேட்கும் தொகை 5,000 வெள்ளிக்கு மேற்படாவிட்டால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறை இந்த வழியின் பெரும் பலம். தனிமனிதர் தாமே வழக்குத் தொடுக்க வேண்டிய நடைமுறை அது. வழக்கறிஞர் வைத்து வாதாட இடமில்லை என்பதால், விற்றவர் வசதியுள்ளவராக இருந்தாலும் உங்களுக்கு எதிரில் ஒரு லோயரைக் கொண்டுவந்து நிறுத்த முடியாது. 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 93ஆம் ஆணையில் உள்ள பாரம் 198இல் கோரிக்கையை எழுதிப் பதிவுசெய்து எதிராளிக்குச் சேர்ப்பித்தால், அவர் மறுக்க விரும்பினால் 14 நாளுக்குள் பாரம் 199இல் பதில் கொடுக்க வேண்டும். அதன்பின் விசாரணை. மாஜிஸ்திரேட் முன் வைக்க வேண்டியவை அதிகமில்லை: முத்திரைக் கட்டணம் கட்டிய விற்பனை ஒப்பந்தம், சாவி ஒப்படைத்ததற்கான கடிதம், ஆண்டுவாரியான வரிக்கணக்கு, நீங்கள் கட்டிய அசல் ரசீது, விற்றவருக்கு எழுதிய கடிதமும் அதன் தபால் ரசீதும். முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது என்பதால், மேசை இழுப்பில் கிடக்கும் நகலை எடுத்து முத்திரை இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேட்கும் தொகை சரியாக இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். விற்பனை நடந்த அரையாண்டின் வரியை இருவரும் பகிர வேண்டும். சாவி அக்டோபர் முதல் தேதி கைமாறியதாக வைத்துக்கொள்வோம். ஜூலை முதல் செப்டம்பர் வரை 92 நாள் விற்றவருடையது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான 92 நாள் வாங்கியவருடையது. அந்த அரையாண்டின் வரி 92 வெள்ளி என்றால் ஆளுக்கு 46 வெள்ளி. அதற்கு முந்தைய அரையாண்டுகள் முழுதாக விற்றவருடையவை. பிந்தியவை முழுதாக உங்களுடையவை. சாவி வாங்கிய பிறகும் நீங்களே கட்டாமல் விட்டதால் ஏறிய கட்டணத்தை அவர் தலையில் கட்டக் கூடாது. நாள் கணக்கை இப்படிப் பிரித்து எழுதிக்கொண்டு போகிறவரின் பேச்சு நீதிமன்றத்தில் எடுபடும். மொத்தத் தொகையைக் காட்டி எல்லாம் அவர்தான் என்பவரின் பேச்சு முதல் கேள்வியிலேயே தள்ளாடும்.

ஒப்பந்தத்தின் மீதான வழக்குக்கு ஆறு ஆண்டு அவகாசம் உண்டு என்பதால், கட்டிவிட்டு வழக்குக்கு மூச்சுவிட நேரம் எடுத்துக்கொள்ளலாம். வாரண்டுக்கு அப்படிப்பட்ட பொறுமை கிடையாது. மூன்றாவது வழியைச் சிறந்ததாக நான் கருதுவதற்கு இந்தக் கால வேறுபாடே முதன்மைக் காரணம். இதன் குறையையும் மறைக்கக் கூடாது. பணம் முதலில் உங்கள் கையிலிருந்து போகிறது. தீர்ப்புக் கிடைத்தாலும் விற்றவரிடம் ஒன்றுமில்லாவிட்டால், அல்லது அவர் கிள்ளானுக்கோ ஜொகூருக்கோ குடிபெயர்ந்து முகவரியே கிடைக்காவிட்டால், தீர்ப்பு காகிதமாகவே இருந்துவிடலாம். தீர்ப்பை நிறைவேற்றப் பொருள் ஜப்தி, கடனாளியை அழைத்து விசாரித்துத் தவணை கட்டவைத்தல் போன்ற வழிகள் உண்டு என்றாலும், ஒவ்வொன்றும் இன்னும் சில நாள் வேலையை இழக்கச் செய்யும். செம்பனைத் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ நாள்சம்பளத்துக்குப் போகிறவர் அந்த இழப்பையும் கணக்கில் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். முந்நூறு வெள்ளி பாக்கிக்கு வழக்கு வேண்டாம் என்று ஒருவர் கைவிட்டால் அவரைக் குறைசொல்ல மாட்டேன். ஒரு கடிதத்தோடு நிறுத்திக்கொள்வது அத்தொகைக்குப் போதும்.

மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கட்ட முடியாதவர்களுக்கு நான்காவது வழியாகத் தவணை இருக்கிறது. பழைய பாக்கியைத் தவணையில் கட்ட ஊராட்சி மன்றங்கள் பொதுவாக இடம் கொடுக்கின்றன. சில சமயம் தாமதக் கட்டணத்தில் தள்ளுபடியும் அறிவிக்கின்றன. இதைத் தனி வழி என்பதைவிட மூன்றாவது வழியின் துணை என்பதே சரி. புதிய உரிமையாளர், சாவி வாங்கிய தேதி இது, பழைய பாக்கியை விற்றவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எழுதி, நடப்பு அரையாண்டு வரியை முழுதாகவும் பாக்கியின் முதல் தவணையையும் கையோடு கட்டுகிறவருக்கு முகப்பிடத்தில் கிடைக்கும் பதிலே வேறு. தவணை ஒப்புதலை வாய்வார்த்தையாக விடாமல் எழுத்தில் வாங்குங்கள். முகப்பிட அதிகாரி மாற்றலாகிப் போனால் அவர் சொன்ன வார்த்தையும் அவரோடு போய்விடும். தவணை முடியும்வரை காத்திராமல், கட்டிய தொகை ஓரளவு சேர்ந்ததும் விற்றவருக்குக் கணக்கை அனுப்பத் தொடங்கலாம். ஆனால் சிறு கோரிக்கை வழக்கை முழுத் தொகையும் கட்டிமுடிந்த பிறகு ஒரே தடவையாகத் தொடுப்பதே வசதி.

ஐந்தாவது, உங்கள் சொந்த வழக்கறிஞரைப் பொறுப்பாக்குவது. வரி பாக்கி இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலையில்லையா என்ற கேள்வி நியாயமானது. அலட்சியத்துக்காக வழக்குத் தொடுக்கவும், வழக்கறிஞர்களுக்கான ஒழுங்கு வாரியத்தில் புகார் செய்யவும் வழி இருக்கிறது. ஆனால் ஒழுங்கு வாரியம் வழக்கறிஞரின் நடத்தையை விசாரிக்கும் இடம். உங்கள் பணத்தை வசூலித்துத் தரும் இடம் அன்று. இரண்டாயிரம் வெள்ளிக்காக அலட்சிய வழக்கு நடத்தினால் செலவு பாக்கியைத் தாண்டிவிடும். எனவே இங்கே செய்யத்தக்கது ஒன்றே: கோப்பைத் திறந்து, மதிப்பீட்டு வரியைப் பற்றி எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடம் என்ன கேட்கப்பட்டது, என்ன பதில் வந்தது என்று எழுத்தில் கேட்பது. அந்தப் பதில் கடிதத்தில் எல்லா வரியும் கட்டப்பட்டுவிட்டது என்று விற்றவர் தரப்பு சொல்லியிருந்தால், சிறு கோரிக்கை வழக்கில் அதைவிடப் பெரிய சான்று உங்களுக்குக் கிடைக்காது. பல வழக்கறிஞர்கள் இந்தக் கேள்வியைப் பார்த்ததுமே எதிர்த்தரப்புக்கு ஒரு கடிதத்தைக் கட்டணமில்லாமல் எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன்.

தட்ட வேண்டாத கதவுகளையும் சொல்லிவிட வேண்டும். வீடு வாங்கியோருக்கான நடுவர் மன்றம், மேம்பாட்டாளரிடமிருந்து புதிய வீடு வாங்கியவர்களுக்கானது; ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கும் வீட்டுக்கு அங்கே இடமில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றமும் வணிகரிடம் பொருளோ சேவையோ வாங்கியவர்களுக்கே. தம் வீட்டை விற்ற தனிமனிதர் அதன் வரம்புக்குள் வரமாட்டார். இரண்டு இடத்திலும் பாரத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து திரும்புவது வீண் அலைச்சல்.

நிலவரியில் பாக்கி இருப்பது அரிது என்றேன். ஆனால் இருந்துவிட்டால் கணக்கே வேறு. தேசிய நிலச் சட்டத்தின் கீழ் வரும் பாரம் 6ஏ நோட்டீஸுக்கு மூன்று மாதக் கெடு உண்டு. அக்கெடுவுக்குள் கட்டாவிட்டால் நிலத்தை மாநில அரசு பறிமுதல் செய்யும்வரை சட்டம் அனுமதிக்கிறது. நிலவரித் தொகை பெரும்பாலும் மதிப்பீட்டு வரியைவிடச் சிறியதாகவே இருக்கும், விளைவோ அதைவிடப் பெரியது. இங்கே வழிகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. அன்றே கட்டிவிட்டு, பிறகு விற்றவரைப் பார்ப்பதுதான்.

வங்கி ஏலத்தில், அதாவது லெலோங்கில், வாங்கியவர்களுக்கு மேலே சொன்ன வரிசை மாறுகிறது. அங்கே விற்றவர் என்று துரத்த ஆளில்லை. விற்பனைப் பிரகடனத்தில் உள்ள நிபந்தனைகளே எல்லாம். ஏல நாள்வரையிலான நிலவரியையும் மதிப்பீட்டு வரியையும் ஏலத் தொகையிலிருந்து வங்கி திருப்பித்தரும் என்று சில பிரகடனங்களில் இருக்கும். குறிப்பிட்ட நாள்களுக்குள் பில்லோடும் ரசீதோடும் கேட்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் அதே இடத்தில் இருக்கும். அந்த நாள் தப்பினால் பணமும் தப்பும். எனவே லெலோங் வீட்டுக்கு முதல் வேலை முகப்பிடத்துக்குப் போவது அன்று. பிரகடனத்தை எடுத்து அந்தப் பிரிவையும் அதிலுள்ள கெடுவையும் படிப்பது.

இவை எல்லாவற்றிலும் கடினமானது, கைக்கடிதத்தில் வாங்கிய வீடு. உறவுக்காரரிடமோ பழைய தோட்டத்து நண்பரிடமோ, சத்தியப்பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதத்தை நம்பி முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) இன்னும் விற்றவர் பெயரிலேயே இருக்க, வீட்டில் குடியிருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இவர்களுக்கு வரி பாக்கி வரும்போது, விற்றவரை வழக்குக்கு இழுப்பது புத்திசாலித்தனம் ஆகாது; பெயர் மாற்றத்துக்கு இன்னும் அவருடைய கையெழுத்து தேவைப்படுகிறது. பாக்கியைத் தாமே கட்டி, ரசீதுகளைத் தம் பெயரிலோ கணக்கு எண்ணோடோ பத்திரப்படுத்தி, அந்தத் தொகையைப் பேச்சுவார்த்தையில் ஒரு காயாக வைத்துக்கொண்டு, பாரம் 14ஏ-இல் கையெழுத்து வாங்குவதையே முதல் இலக்காக வைத்துக்கொள்ள வேண்டும். விற்றவர் காலமாகிவிட்டிருந்தால் கோரிக்கை அவருடைய சொத்தின் மேல்தான் நிற்கும். வாரிசுகள் மாவட்ட நில அலுவலகம் மூலமாகவோ நீதிமன்றம் மூலமாகவோ நிர்வாக உரிமை பெறும்வரை, அவர்களில் யாரிடமும் கையெழுத்தும் கிடைக்காது, பணமும் கிடைக்காது. அந்நிலையில் இருப்பவர்கள் வரியைக் கட்டிக்கொண்டே, வாரிசுகளை நிர்வாக உரிமைக்கு விண்ணப்பிக்கவைப்பதில் தம் முயற்சியைச் செலுத்த வேண்டும். கட்டிய வரிக்கான கணக்கை, சொத்தை வாரிசுகளுக்குப் பிரிக்கும் விசாரணை நடக்கும் நாளில் நில அலுவலரின் மேசையில் வைத்தால் போதும்.